நாலாம் வகுப்பில் மறைக்கல்வியா, நன்னெறியா?

கேள்வி: மதுரையில் சிஸ்டர்கள் நடத்தும் கத்தோலிக்கப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளியில் சொல்லும் ஜெபத்தை வீட்டிலும் சொல்கிறாள். "பிள்ளைய மாத்திருவாங்க, வேற ஸ்கூல்ல சேத்துரு" என்கிறார் மாமியார். நாங்கள் மீனாட்சியைக் கும்பிடும் குடும்பம். அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரி, இந்த ஒரு காரணத்துக்காகப் பள்ளியை மாற்ற வேண்டாம்.

அரசு உதவி பெறும் பள்ளியானாலும் மெட்ரிக் பள்ளியானாலும் பாடநூல் சமச்சீர்க் கல்விதான். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பிள்ளை படிக்கும் அதே சேர சோழ பாண்டியரை, அதே பின்னங்களைத்தான் உங்கள் மகளும் படிப்பாள். சிபிஎஸ்இ பள்ளி என்றால் புத்தகம் மாறும், அவ்வளவே.

வேறுபாடு கால அட்டவணையில் வரும் ஒரு பீரியடில் இருக்கிறது. பல பள்ளிகளில் அந்த நேரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமயப் பாடத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். மறைக்கல்வியில் விவிலியக் கதைகள், பத்துக் கட்டளைகள், ஞானஸ்நானம் முதலான ஏழு அருளடையாளச் சடங்குகள், செபமாலை சொல்லும் முறை எல்லாம் வரும். நாலாவது, அஞ்சாவது படிக்கும் வயதில்தான் பல தேவாலயங்களில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறும் சடங்குக்குத் தயாரிப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே புதுநன்மை உண்டு, உங்கள் மகளை அதில் சேர்க்க முடியாது. நன்னெறியில் உண்மை பேசுவது, பகிர்ந்து உண்பது, நோயாளியைப் பார்க்கப் போவது போன்றவை கதைகளாக வரும். அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியர் கதையும் அங்கே வரலாம். அதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு என்ன கெடுதல் வந்துவிடும்?

உங்கள் பள்ளியில் இந்த ஏற்பாடு உண்டா என்று தலைமையாசிரியையிடம் நேரில் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தப் பள்ளியும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுபிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்வது இது. உங்கள் விருப்பத்தைக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் சம்மனசு (தேவதூதர்) வேஷம் போடக் கூப்பிட்டால், அவளுக்கு ஆசை இருந்தால் போடட்டும் என்பது என் எண்ணம். முடிவு உங்களுடையது.

எனக்குக் கவலையெல்லாம் வேறு இடத்தில். "பாட்டி முன்னால அத சொல்லாத" என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது வயதில் வீட்டுக்கு ஒரு முகம், பள்ளிக்கு ஒரு முகம் என்று பழகிவிட்டால், நாளை வகுப்பில் யாராவது அடித்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டாள். ஜெபத்தைச் சொன்னால் சொல்லட்டும். மாமியாரையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். தன் சாமியைப் பேத்தி மறந்துவிடுவாளோ என்ற தவிப்பு அவருக்கு. ராத்திரியில் மீனாட்சி திக்விஜயக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பேத்தியை அவரே கூட்டிப் போகட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கிறாளா, கடன் வாங்கிக் கழிக்கிறாளா, வகுத்தல் வருகிறதா? நாலாவதில் பிடிபடாத வகுத்தல் ஆறாவதில் கணக்குப் பாடத்தையே பயமாக்கிவிடும். சிஸ்டரைப் பார்க்கப் போகும்போது மகளின் கணக்கு நோட்டையும் எடுத்துப் போங்கள். அந்த ஜெபத்தைப் பற்றிப் பேசுவதைவிட அதிக நேரம் இதைப் பற்றிப் பேசுங்கள்.