சுப்புவுக்கு என்ன தண்டனை?

வணக்கம் ஐயா,

'ஆரண்ய காண்டம்' படத்தை நியோ நுவார், அதாவது பழைய ஹொலிவுட் குற்றக்கதைப் படங்களான நுவாரின் புதிய வடிவம், என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். நுவார் என்றால் இருட்டு, மழை, சிகரெட் புகை என்றுதான் நினைத்திருந்தேன். இது பெரும்பாலும் பட்டப்பகலில் நடக்கிறது. அதைவிட, கடைசியில் சுப்பு சப்பையைக் கொன்றுவிட்டுத் தன்பாட்டில் போகிறாள். அவளை நம்பியவன் அவன். அவளுக்கு ஒரு தண்டனையும் இல்லையா? மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாசகி, காரைதீவு

அன்புள்ள தங்கச்சி,

இருட்டு நுவாரின் உடுப்புத்தான், உடம்பு இல்லை. 1974இல் வந்த 'சைனாடவுன்' வெயிலில் காயும் லொஸ் ஏஞ்சல்ஸில், தண்ணீரை வைத்து நடக்கும் சூழ்ச்சியைச் சொல்கிறது. நுவார்தான். தப்ப வழியில்லாத இடத்துக்குள் ஒருவர் தன் ஆசையாலேயே நடந்துபோவதுதான் இந்த வகைப் படங்களின் உயிர். அதற்குப் பகலும் போதும்.

இனித் தண்டனை. ஹொலிவுட்டில் 1934 முதல் ஒரு தணிக்கை விதி கடுமையாக நடைமுறையில் இருந்தது. குற்றம் செய்தவர் தப்பிப் போவதாகப் படம் முடியக்கூடாது. 1944இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி' குண்டடிபட்ட ஒருவன் தன் குற்றத்தை ஒலிப்பதிவுக் கருவியில் சொல்வதோடுதான் தொடங்கும். காப்புறுதிப் பணத்துக்காகப் புருஷனைக் கொல்லவைத்தவளும் பிழைப்பதில்லை. 1968இல் அந்த விதி போய்விட்டது. பிறகு 1981இல் 'பாடி ஹீட்' வந்தபோது அதே மாதிரியான ஒரு பெண் தப்பிப் போகிறாள். நியோ நுவாரின் பெரிய மாற்றம் என்று நான் இதைத்தான் சொல்வேன். சுப்பு அந்த வரிசையில் வருபவள்.

ஆனால் 'ஆரண்ய காண்டம்' எடுத்த தியாகராஜன் குமாரராஜா இன்னொரு படி போகிறார். பழைய படங்களில் அந்தப் பெண்ணை ஆணின் கண்ணால்தான் பார்ப்போம். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை பிடிபடாது. சுப்புவை நாம் ரவுடித் தலைவன் சிங்கப்பெருமாளின் வீட்டுக்குள் அடைபட்டு, அடிவாங்கி இருப்பவளாக முதலிலேயே பார்த்துவிடுகிறோம். எல்லாரும் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒதுக்கும் சப்பைமேல் நமக்கு இரக்கம் வருகிறது. சுப்புமேலும் வருகிறது. இரண்டு இரக்கமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் படம் நம்மை விட்டுவிட்டுப் போகிறது. உங்களுக்கு வந்த கோபம் அங்கேதான் பிறக்கிறது. அது படத்தின் குறை இல்லை.

காரைதீவில் இருந்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் கேட்கிறேன். அங்கே கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில், கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கக் கேட்டிருப்பீர்கள்தானே? மதுரையை எரித்த கண்ணகிக்கு என்ன தண்டனை என்று நாம் யாரும் கேட்பதில்லை. அவள் சூட்டைத் தணிக்கக் குளிர்த்தி செய்கிறோம். கண்ணகியையும் சுப்புவையும் ஒன்றாக வைக்கவில்லை. கண்ணகிக்கு வழக்குச் சொல்ல ஒரு சபை இருந்தது, உடைத்துக் காட்டச் சிலம்பு இருந்தது, தப்பை உணர்ந்து உயிர்விட ஒரு அரசன் இருந்தான். சுப்புவின் வடசென்னையில் முறையிட ஒரு வாசல்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் யார் யாருக்குத் தண்டனை கொடுப்பது? எனக்கு இந்தப் படம் இவ்வளவு முக்கியமாகப் படுவதும் இதனால்தான்.

அப்புறம், நேரம் கிடைத்தால் எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' பாருங்கள். 1954இல் வந்தது. பாட்டே கிடையாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் ஒரு கொலை, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கொன்றது யார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கொலைக்கு அந்தப் படம் எவ்வளவு பெரிய நியாயத்தைத் தேடிக் கொடுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். சுப்புவுக்கு அந்த மாதிரி ஒன்றும் கொடுக்கப்படவில்லை. இரண்டையும் பார்த்துவிட்டு உங்களுக்குப் பட்டதை எழுதுங்கள்.