முடக்குவாத மருந்தால் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. முடக்குவாதத்துக்கு நான்கு மாதமாக மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறார். மூட்டு வலியும் வீக்கமும் நன்றாகக் குறைந்துவிட்டன. உடலில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 78இலிருந்து 22 ஆகிவிட்டது. ஆனால் 84 ஆக இருந்த எல்.டி.எல். கொலஸ்ட்ரால் இப்போது 126. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர், "மருந்துதான் காரணம், நிறுத்திவிடுங்கள். 7,000 ரூபாய்க்கு ஒரு லிப்பிட் (கொழுப்பு) பரிசோதனைப் பேக்கேஜ் இருக்கிறது, எடுத்தால் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: மருந்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பேக்கேஜும் வேண்டாம்.

உடலில் அழற்சி கடுமையாக இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கிவிடும். கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல்., நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். இரண்டுமே இறங்கும். மருந்து வேலை செய்து அழற்சி அடங்கியதும் பழைய அளவுக்கு ஏறும். அம்மாவுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். அந்த 84ஐப் பார்த்து அன்றைக்கு யாராவது நிம்மதி அடைந்திருந்தால், அதுதான் தவறு. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, கொலஸ்ட்ரால் குறைவாகத் தெரியும் காலத்திலும் மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வழக்கமான கணக்கில் வரும் இதய ஆபத்தை இவர்களுக்கு 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்பான யூலார். நோய் கட்டுக்குள் இருக்கும்போது கொலஸ்ட்ரால் பார்ப்பதே நல்லது என்றும் சொல்கிறது. ஆகவே இதய ஆபத்தைக் கணக்கிட இந்த 126ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பேக்கேஜ். கொழுப்பு அளவை வைத்து முடக்குவாதம் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனை இன்று மருத்துவத்தில் கிடையாது. ஆராய்ச்சிக்கூடங்களில் நூற்றுக்கணக்கான கொழுப்பு வகைகளை அளந்து பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் ரத்தத்தை எடுத்த பிறகு வெளியே கிடக்கும் நேரம், வெப்பம் இதிலேயே அவற்றில் பல மாறிவிடும். வெயிலில் பைக் பெட்டியில் பல மணி நேரம் சுற்றிவரும் குழாயிலிருந்து அதை எப்படி நம்புவது? எந்த அளவு சரி, எது தவறு என்பதற்கும் பொதுவான வரம்பு இல்லை. கமிஷனுக்காகப் பேக்கேஜ் விற்பவர் சொல்லி, மூட்டைக் காப்பாற்றும் மருந்தை நிறுத்திவிட்டு வருகிற நோயாளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறைய கவனம் தேவை. பல லேப்கள் எல்.டி.எல்.ஐ நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.ஐயும், டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 1972இல் வந்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் செல்லாது. மொத்தம் 210, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 450 என்று வையுங்கள். கணக்கில் எல்.டி.எல். 80 என்று வரும், பார்க்க அழகாக இருக்கும், நம்பக் கூடாது. அப்போது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐ மட்டும் கழியுங்கள்: 170. இந்த எண்ணை நம்பலாம், இதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏறக்கூடும் என்பதால் அவர்கள் அந்த அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எல்.டி.எல். அளந்ததா, கணக்கிட்டதா என்று ஒரு வரி தெளிவாக எழுத இத்தனை லேப்களுக்கு என்ன கஷ்டமோ!

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டையும், அந்தந்த நாள் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இதுவும் அழற்சியைக் காட்டும் பரிசோதனை) அளவுகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பல ஆஸ்பத்திரிகளில் இவை வேறு வேறு பைலில் கிடக்கும், யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்பதை அவர் அப்போது முடிவு செய்வார். தேவைப்பட்டால் பொதுவாக அதை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்தே எடுக்கலாம். இரண்டுக்கும் கல்லீரல் பரிசோதனை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.