தெரிந்த வேலை கைக்கு வராதபோது: அப்ராக்சியா குறித்துச் சில கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரங்களிலிருந்து வந்துள்ள கேள்விகளில் அப்ராக்சியா பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கைகால்களில் வலுவும் உணர்வும் இருந்தும், சொல்வது புரிந்தும், முன்பு நன்றாகப் பழகிய ஒரு செயலைச் செய்ய முடியாமல் போகும் மூளைக் கோளாறுக்கு அந்தப் பெயர்.

குடியாத்தம் வாசகி: என் கணவர் கைத்தறி நெசவாளர். மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள். கையில் வலு திரும்பிவிட்டது. ஆனால் வணக்கம் வைக்கச் சொன்னால் கையைப் பார்த்தபடி நிற்கிறார். என் அண்ணன் வந்தபோது மட்டும் தானாகக் கைகூப்பினார். சீப்பு இல்லாமல் தலை வாருவதுபோல் காட்டச் சொன்னால் விரல்களால் கோதுகிறார். நடிக்கிறார் என்கிறார் என் மாமியார். உண்மையா?

இல்லை. உங்கள் மாமியாருக்குச் சந்தேகம் எழுப்பிய அந்த முரண்பாடுதான் இந்நோயின் அடையாளம். பழகிய செயல்களுக்கான அசைவு வரைபடங்கள் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில், உச்சிக்குப் பின்புறமுள்ள பகுதியில் தங்கியிருக்கின்றன; அங்கிருந்து முன்புறப் பகுதிகளுக்குச் செய்தி போய், பிறகே கை அசைகிறது. இந்தப் பாதை பழுதானால், பிறர் சொல்லிச் செய்யவேண்டிய அசைவு வராது. விருந்தினர் வாசலில் நிற்கும்போது சூழலே கையைத் தூண்டிவிடுவதால் அதே அசைவு வந்துவிடுகிறது. விரலையே சீப்பாக்கிக்கொள்வதும் நாங்கள் பரிசோதனையில் அடிக்கடி காணும் பிழைதான். கையில் ஊடை நூலைக் கடத்தும் நாடாவைக் கொடுத்துத் தறியருகே உட்காரவைத்தால், வெறுங்கையால் நெய்து காட்டுவதைவிட அவர் நன்றாகவே செய்யக்கூடும். எனவே, உறவினர் முன்னிலையில் "எங்கே, செய்து காட்டுங்கள்" என்று அவரைச் சோதிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதனால் பயனில்லை, அவமானம்தான் மிஞ்சும்.

நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொழிக்கான பகுதிகளும் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே இருப்பதால், இவர்களில் பலருக்குப் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் குறை இருக்கும். சொல் புரியாமல் நிற்கிறாரா, புரிந்தும் கை வராமல் நிற்கிறாரா என்பதை, வார்த்தை இல்லாமல் செய்து காட்டி அதைப் பார்த்துச் செய்யவைத்து மருத்துவர் பிரித்தறிவார்.

ராணிப்பேட்டை வாசகர்: என் தந்தைக்கு வலது கை முழுவதுமாக விழுந்துவிட்டது. பாதிக்கப்படாத இடது கையாலும் பல் துலக்கத் தடுமாறுகிறார். பழக்கமில்லாத கை என்பதாலா?

பழக்கமின்மை ஒரு சிறு பங்குதான். இடப்பக்க மூளை வலது கையை அசைப்பதோடு, பழகிய செயல்களில் இரண்டு கைகளுக்கும் வழிகாட்டுகிறது. இடது கைக்கான செய்தி, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் வழியே மறுபக்கம் போகிறது. இந்த இயல்பை வெளிக்கொண்டுவந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன். 1900இல் அவர் விவரித்த நோயாளி ஓர் அரசு அதிகாரி. அறிவு மங்கியவர் என்றே மற்றவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். வலது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு இடது கையால் செய்யச் சொன்னபோது அவர் சரியாகவே செய்தார். அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு ஒரு கை தப்பியது அரிதான நிலை. இரு கைகளும் பாதிக்கப்படுவதே பொதுவானது; உங்கள் தந்தையின் இடது கையில் தெரிவதும் அதுவே.

ஆரணி வாசகர்: இதற்கு மாத்திரை உண்டா? வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

அப்ராக்சியாவுக்கென்று மாத்திரை இல்லை. பக்கவாதம் மறுபடியும் வராமலிருக்கக் கொடுத்தவற்றை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்; அது வேறு விஷயம். கைக்குப் பயிற்சிதான் மருந்து. அதை, அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்து வகுத்துத் தரவேண்டும். வேலூரில் இதற்கு நீண்ட மரபு உண்டு: கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966 முதல் இயங்குகிறது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே பணிசெய்தவர்.

ஒரு செயலில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குத் தானாகப் பரவுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டை போடப் பழக்கினால் சட்டை போட வரும்; அதைக் கொண்டு சோறு பிசைந்து உண்ண வராது. ஆகவே அவருடைய அன்றாடத்துக்கு அவசியமான இரண்டு மூன்று செயல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதே இடம், அதே நேரம், அதே பொருள், அதே வரிசை. பல் துலக்குவதென்றால் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் தவிர வேறெதுவும் அருகில் இருக்கக்கூடாது. பிழை செய்யவிட்டுத் திருத்துவதைவிட, அவர் கைமேல் உங்கள் கையை வைத்துப் பிழையே நேராமல் முழுச் செயலையும் முடிக்க உதவுங்கள்; பிறகு கடைசிப் படியை மட்டும் அவரிடம் விடுங்கள், அடுத்து அதற்கு முந்தைய படியை. அடுப்பு, அரிவாள்மணை, சவரக் கத்தி ஆகியவை தனியே அவர் கைக்கு எட்டக்கூடாது.

திருப்பத்தூர் வாசகி: அம்மாவை ஊதச் சொன்னால் வாயைத் திறந்தபடி விழிக்கிறார். சூடான காபியை மட்டும் ஊதிக் குடிக்கிறார்.

இதுவும் அதே நோய்தான், முகத்திலும் வாயிலும். விழுங்கும்போது புரையேறினால் மட்டும் உடனே காட்டுங்கள்.

காட்பாடி வாசகர்: என் தாய்க்கு 71 வயது. பக்கவாதம் எதுவும் வரவில்லை. ஓராண்டாகப் புடவை கட்டத் தெரியாமல் தவிக்கிறார். கொசுவம் பிடிக்க வரவில்லை, ரவிக்கையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்.

திடீரென வந்ததல்ல, மெல்ல வளர்ந்தது என்பதே இதில் முக்கியம். உடை அணிவதில் மட்டும் தனித்து வரும் தடுமாற்றம் பெரும்பாலும் மூளையின் வலப்பக்கக் குறையைச் சுட்டும். இட உணர்வு கலைந்து, துணியின் மேல் கீழ், உள் வெளி பிடிபடாது. இப்படி மெதுவாகக் கூடிவந்தால் அல்சைமர் போன்ற மறதிநோய்களும், ஒரு கை விறைத்துச் சொன்ன பேச்சு கேளாமல் போகும் அரிய நோயொன்றும், கட்டியும் எங்கள் கணக்கில் வரும். "வயதானால் அப்படித்தான்" என்று விடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். மாறாக, ஒரு நாள் காலையில் திடீரென இப்படி ஆனாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ, உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது.

ஆம்பூர் வாசகி: நான்கு வயது மகனுக்குப் பேச்சு தெளிவில்லை. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறான். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள்.

தேய்க்காதீர்கள், இவனுடைய சிக்கல் நாக்கின் தடிப்பில் இல்லை. ஒரே சொல்லில் மாறிமாறி வரும் பிழை, ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குத் தாவுவதில் தடுமாற்றம், இயல்பில்லாத ஏற்ற இறக்கம் ஆகியவை குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்சியாவில் காணப்படுபவை. பேச்சுக்கான அசைவுகளை வரிசைப்படுத்துவதில் உள்ள குறை இது. பல குழந்தைகளுக்கு ஸ்கேனில் எதுவும் தெரிவதில்லை. முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு ஸ்பீச் தெரபிஸ்டிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதம் ஒருமுறை நீண்ட நேரம் போவதைவிட, வாரத்தில் பலமுறை குறுகிய நேரப் பயிற்சி உதவும். அதுவரை அவன் கைகாட்டிக் கேட்டால், சொல்லிக் கேட்டால்தான் தருவேன் என்று தண்ணீரை மறுக்காதீர்கள். சைகை காட்ட விடுவதால் பேச்சு தள்ளிப்போகாது.