வயது வித்தியாசத்தில் நட்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, அக்கா. நூலகத்தில் தினமும் ஒரு பெரியவரைப் பார்க்கிறேன். புன்னகையோடு நின்றுவிடுகிறது. அடுத்து என்ன?

பதில்: தினமும் பார்க்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம் தம்பி. நாகெமோவ், லாட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு குடியிருப்பில் யாருக்கு யார் நண்பர் என்று விசாரித்து 1975-இல் எழுதினார்கள். வயது வேறுபட்ட நண்பர்கள் பெரும்பாலும் மிக அருகருகே குடியிருந்தார்கள். ஒத்த வயதுக்காரரைத் தேடிப்போகிறோம். மற்றவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் பழக்கமாகிறது. நாளைக்கு அவர் கையில் இருக்கும் புத்தகத்தைக் காட்டி, "இவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?" என்று கேளுங்கள். படித்துவிட்டுப் போய் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். தலையாட்டுபவரைவிட, மரியாதையாக மறுத்துப் பேசுபவரோடு பேச்சு நீளும்.

கேள்வி: புகைப்பட வகுப்பில் நான் மட்டும் 58, மற்றவர்கள் இளைஞர்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் வெளியே போகும்போது என்னை அழைப்பதில்லை.

பதில்: உங்களுக்கு வர விருப்பமிருக்காது என்று அவர்களே முடிவு செய்திருக்கலாம். நீங்கள் முதலில் அழையுங்கள் ஐயா: "ஞாயிறு காலை படம் எடுக்கப் போகிறேன், வருகிறீர்களா?" போன இடத்தில் கேட்காத அறிவுரை வேண்டாம். ஒரு படத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டு, அங்கேயே எடுத்துப் பாருங்கள். எப்போதும் ஒருவரே கற்றுக்கொடுத்தால் அது வகுப்பாகிவிடும்.

கேள்வி: நெருக்கமாக எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார்: சாதாரண நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். வயது இடைவெளிக்காகப் போட்ட கணக்கல்ல அது. ஆனாலும் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் சந்தித்தால் ஏன் மெதுவாக நகர்கிறது என்பது புரியும்.

கேள்வி: என்னைவிட மூத்த நண்பரோடு வெளியே போனால் எப்போதும் அவரே செலவு செய்கிறார். சங்கடமாக இருக்கிறது.

பதில்: அடுத்த முறை உங்கள் வசதிக்கேற்ற இடத்துக்கு நீங்கள் அழைத்துப் போங்கள்.

கேள்வி: என் தோழிக்கு 71 வயது. என் நண்பர்கள் கூடும் இடத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். என்னைப் பிடிக்கவில்லையோ?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தோன்றும்போது மனிதர்கள் புது அறிமுகங்களைக் குறைத்து, மனதுக்குப் பிடித்தவர்களோடு நேரம் செலவிட விரும்புகிறார்கள். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொன்னது இது. கூட்டத்துக்கு வராதவர் உங்களைத் தனியாகப் பார்க்க வருகிறாரா? அப்படியென்றால் அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர்.