தரையில் கிடந்த நீலப் பழம்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் நாளுக்கொரு செடி, காய், கொட்டை என்று கைப்பேசியில் படமெடுத்து, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து வருகிறேன். அண்மையில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில், மரத்தடியில் கிடந்த நீலப் பழம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். நான் நிறத்தைக் கூட்டிவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன மரம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் படத்தில் இருப்பது உருத்திராட்சப் பழம், அதன் நிறமே அதுதான். நூலில் கோத்த பழுப்பு மணியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நீலத்தை நம்புவது கடினம். நாவற்பழத்தின் நிறத்தைப் போல அது சாயத்தால் வருவதன்று. தோலில் உள்ள மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் வலுப்பெற்று நம் கண்ணை வந்தடைகிறது. மயில் கழுத்தின் நீலமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகையால் பழத்தைச் சற்றே திருப்பினாலும், வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றினாலும் படத்தில் நிறம் வேறுபடும்.

உறவினர்களின் ஐயத்தைப் போக்க ஒரு படம் போதாது. அடுத்த முறை, விழுந்து கிடக்கும் பழங்களில் ஒன்றை எடுத்து, சதையைப் பாதி மட்டும் நீக்கிப் படமெடுங்கள். ஒரு பக்கம் வழவழப்பான நீலத் தோலும், மறு பக்கம் மேடும் பள்ளமுமான கொட்டையும், அதில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தக் கோடுகளைத்தான் நாம் முகங்கள் என்கிறோம். பெரும்பாலான கொட்டைகளில் ஐந்து இருக்கும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். உதிர்வதற்கு முன் செக்கச் சிவக்கும் முதிர்ந்த இலையையும் விட்டுவிடாதீர்கள். மரத்தை அடையாளம் காண அது பெரிதும் உதவும்.

படத்தின் கீழே இடத்தையும் மாதத்தையும் ஒரு வரி எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். சென்னை மாகாண அரசின் செயலராக இருந்த ஜே.டி. சிம்மின் பெயரால் 1874இல் உருவான அந்தப் பூங்கா சுமார் 12 ஹெக்டேர் மலைச்சரிவில் அமைந்தது. சோலைக்காட்டு மரங்களும் வெளிநாட்டிலிருந்து வந்த மரங்களும் அங்கே அருகருகே நிற்கின்றன. எந்த மரம் எந்த மாதத்தில் பூத்தது, எப்போது பழுத்தது என்று ஆண்டுக்கணக்கில் சேரும் உங்கள் படங்கள், அந்த மரங்களைப் பற்றிய நல்ல பதிவாக அமையும்.

கேள்வி: இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள கிராஃப்ட் கோட்டைத் தோட்டத்துக்குச் சென்ற என் மகள், பளபளப்பான பழுப்புக் கொட்டையின் படத்தை அனுப்பி, வறுத்துத் தின்னலாமா என்று கேட்கிறாள்.
– வாசகர், மதுரை

பதில்: கொட்டையை மட்டும் பார்த்து ‘ஆம்’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தத் தோட்டம் பழமையான செஸ்ட்நட் மர வரிசைக்குப் பெயர் பெற்றது. 1588இல் வந்த ஸ்பெயின் கப்பற்படையிலிருந்து கிடைத்த கொட்டைகளே அவற்றின் விதைகள் என்றொரு கதையும் உண்டு. அவை உண்ணத் தக்கவை. ஆனால் இங்கிலாந்தின் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் பரவலாக உள்ள குதிரைச் செஸ்ட்நட் நச்சுத்தன்மை உடையது. இரண்டின் கொட்டைகளும் ஒரே பழுப்பு, ஒரே பளபளப்பு; விழுவதும் ஒரே இலையுதிர் காலத்தில்.

மேலோட்டையும் இலையையும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஊசி ஊசியாக அடர்ந்த முள்ளோட்டுக்குள், நுனி கூரிய இரண்டு மூன்று கொட்டைகள் ஒரு பக்கம் தட்டையாக இருந்து, இலை தனித்தனியாக, நீண்டு, ஓரம் ரம்பப் பல்லாக இருந்தால் அது உண்ணும் வகை. ஓட்டில் குட்டையான முட்கள் இடைவிட்டு நின்று, உள்ளே பெரும்பாலும் ஒரே உருண்டைக் கொட்டை வெளிறிய வட்டத் தழும்போடு இருந்து, விரித்த விரல்களைப் போல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் ஓரிடத்திலிருந்து பிரிந்தால் அது நச்சு வகை. அந்தப் படங்கள் வந்து சேரும்வரை கொட்டையை வாயில் வைக்க வேண்டாம் என்று இன்றே மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.