கல்லறை வரைவு: சிற்பி வரைந்ததா, பார்த்து வரைந்ததா?

கேள்வி: சிலைகள் நிறைந்த பெரிய கல்லறை ஒன்றைப் பழுப்பு மையில் வரைந்த பழைய ஐரோப்பியத் தாள் கையில் இருக்கிறது. சிற்பியின் முன்வரைவா, கட்டி முடித்தபின் யாரோ பார்த்து வரைந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மையை அப்புறம் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யுங்கள். மை ஏறாத நேர்க்கோட்டுப் பள்ளங்கள் தெரிந்தால், அடிக்கோல் வைத்துக் கூர்முனையால் கீறியவை அவை. முன்வரைவில் நடு அச்சு, பீட விளிம்பு, தூண் அகலம் எல்லாம் முதலில் அப்படித்தான் விழும். வளைவுகளின் மையத்தில் கவராய முள் குத்திய துளையையும் தேடுங்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக மைக்கேலாஞ்சலோ வரைந்த, 51 செ.மீ. உயரத் தாள் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் அடியில் கீறலும் ஈயக்கோலும், மேலே பேனாவும் நீர்த்த மைப்பூச்சும்தான்.

இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்துப்போகின்றனவா? ஒரு பக்க மாடத்தில் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம் என்றிருந்தால் அது பெரும்பாலும் பிழையல்ல. பணம் கொடுப்பவர் தேர்ந்தெடுக்க ஒரே தாளில் இரண்டு யோசனை. கட்டியதைப் பார்த்து வரைபவருக்கு அந்த வேலை இல்லை.

பிறகு கட்டியதோடு ஒப்பிடுங்கள். 1505இல் ஜூலியஸ் கல்லறைக்கு 40 சிலைகளுக்கு மேல் திட்டம்; 1513, 1516, 1532, 1542 என்று ஒப்பந்தம் மாறிக்கொண்டே போய், 1545இல் ரோமின் சான் பியெத்ரோ இன் வின்கொலி தேவாலயச் சுவரோடு ஏழு சிலைகளாக முடிந்தது. முன்வரைவு கட்டியதோடு அப்படியே பொருந்துவது அரிது. ஆனால் பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். 1513 திட்டத்துக்கு மைக்கேலாஞ்சலோ வரைந்து, இப்போது பெர்லினில் இருக்கும் தாள் மிகவும் சிதைந்தது. அதன் விவரங்கள் தெளிவாகத் தெரிவது ரொக்கெட்டி என்ற ஓவியர் எடுத்த நகலில்தான். கட்டப்படாத திட்டத்துக்கும் நகல் உண்டு!

தயக்கமில்லாத, ஒரே அழுத்தக் கோடுகள் நகலைச் சந்தேகிக்க வைக்கும். இருந்தாலும், ஒப்பந்தத்துக்கென்று சிற்பி சுத்தமாக வரைந்த பிரதியும் அப்படித்தான் இருக்கும்.

மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்த மை காலப்போக்கில் பழுப்பாகி, தாளை அரித்து, பின்புறம் கறையாகத் தெரியும். அதனால் ஈரத்துணி, செல்லோடேப், லேமினேஷன் எதுவும் கூடாது. கடைசியாக, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியை (தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளம்) படம் எடுங்கள். அது சொல்வது தாளின் வயதை மட்டுமே. பழைய வெற்றுத்தாளில் பின்னாளில் வரைந்தவர்களும் இருக்கிறார்கள்.