தள்ளுபடியான மனுவை மூன்றாம் முறையும் போடலாமா?

வாசகர் கேள்வி – சட்டப் பதில்

கேள்வி: என் கணவர் மீது ஒருவர் புரோநோட்டை வைத்துப் பணவசூல் வழக்குத் தொடுத்தார். கணவர் வாய்தாவுக்குப் போகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததாகச் சொல்லி, 140 நாள் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுப் போட்ட மனு, மருத்துவச் சான்று இல்லை என்று தள்ளுபடியானது. பிறகு வேறு வழக்கறிஞரை வைத்து, சம்மனே வரவில்லை என்று இரண்டாவது மனு போட்டோம். அதுவும் தள்ளுபடி. இப்போது நிறைவேற்று மனுவில் ஜப்தி உத்தரவாகி, அமீனா வந்து வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். 151ஆவது பிரிவின் கீழ் இன்னொரு மனு போட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போடலாமா? இரண்டு மனுக்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போட வேண்டாம், அம்மா. கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட வீட்டுக்குள் இருந்துகொண்டு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள் என்பதால், உங்களுக்கு இன்னும் திறந்திருக்கும் வழிகளில் இந்த மனு ஒன்றல்ல என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 13, எக்ஸ்பார்ட்டி எனப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்க இரண்டே காரணங்களை ஏற்கிறது. ஒன்று, சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை, அதாவது சேர்ப்பிக்கப்படவில்லை என்பது. மற்றொன்று, போதுமான காரணத்தால் பிரதிவாதியால் அன்று வர முடியவில்லை என்பது. இதற்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 நாள் தருகிறது. அந்தக் காலம் தீர்ப்பாணையின் தேதியிலிருந்து ஓடும். சம்மன் முறைப்படி சார்பு ஆகாதிருந்தால் மட்டும், தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். நாள் கடந்துவிட்டால் அதே சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி தாமத மன்னிப்பு கேட்கலாம். தாமதம் எத்தனை நாள் என்பதைவிட, அதற்குச் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியிருக்கிறது. ஆகவே 140 நாள் என்பது உங்கள் வழக்கைக் கெடுக்கவில்லை. காரணம் நிரூபிக்கப்படாததுதான் கெடுத்தது.

நீங்கள் அனுப்பிய நகல்களை அருகருகே வைத்துப் படித்தேன். முதல் மனுவுடன் உள்ள பிரமாணப் பத்திரத்தின் 4ஆவது பத்தியில், சம்மன் கிடைத்ததாகவும் காமாலையால் வாய்தாவுக்கு வர இயலவில்லை என்றும் உங்கள் கணவர் உறுதிமொழிந்திருக்கிறார். இரண்டாவதில் 3ஆவது பத்தி, சம்மன் தனக்குச் சார்பு செய்யப்படவே இல்லை என்கிறது. இரண்டிலும் கையெழுத்து அவருடையது. போதாததற்கு, சம்மன் பெற்றதற்குச் சான்றாக எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஒப்புகை அட்டையில் உள்ள கையெழுத்தும் வக்காலத்தில் உள்ள கையெழுத்தும் ஒரே சாய்வில், கடைசி எழுத்தில் ஒரே சுழிப்புடன் இருக்கின்றன. இதை நான் கவனித்தது போலத்தான் நீதிபதியும் கவனித்திருப்பார். முதல் மனுவில் சான்று மட்டும்தான் இல்லை. இரண்டாவது மனுவோ உங்கள் கணவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் சேர்த்துக் குறைத்துவிட்டது. மூன்றாவதாக ஒரு காரணம் எழுதினால், அதை இந்த இரண்டு பத்திகளோடும் ஒப்பிட்டுத்தான் படிப்பார்கள்.

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. ஒரு பிரச்சினையை இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால், அதே வழக்கின் அடுத்த கட்டத்திலும் அந்த முடிவு கட்டுப்படுத்தும் என்பதை, முன்தீர்ப்புத் தடைக் கொள்கையை விளக்கி, 1960ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வழக்கறிஞர் மாறுவதாலோ, முதல் மனுவில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு காரணத்தை இப்போது புதிதாகச் சொல்வதாலோ இந்தத் தடை நீங்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆவது பிரிவு நீதிமன்றத்தின் இயல்பான அதிகாரத்தைப் பற்றியது. சட்டம் ஒரு குறிப்பிட்ட வழியை வகுத்திருக்கும் இடத்தில், அந்த வழியில் தோற்றவர் சுற்றி வருவதற்கு அது பயன்படாது.

முதல் மனு விசாரிக்கப்படாமல், வாய்தாவுக்கு ஆஜராகாததால் தள்ளுபடி ஆகியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போது அந்த மனுவை 30 நாளுக்குள் மீண்டும் கோப்பில் எடுக்கக் கேட்டிருக்கலாம். எதிர்த்தரப்பு நீதிமன்றத்தையே ஏமாற்றித் தீர்ப்புப் பெற்றது பின்னாளில் தெரியவந்தாலும், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் தனி வழக்கே தொடுக்கலாம். உங்கள் தாள்களில் இந்த இரண்டுக்கும் அடையாளம் இல்லை.

இனி, திறந்திருக்கும் வழிகள். முதல் மனு தாமத மன்னிப்பு மனு. அது தள்ளுபடியானதால் தீர்ப்பாணையை நீக்கக் கோரிய மூல மனு எண்ணிடப்படவே இல்லை, அதாவது விசாரணைக்குக் கோப்பில் எடுக்கப்படவே இல்லை. எனவே அந்த முதல் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு (கீழ் நீதிமன்ற உத்தரவைச் சரிபார்க்கக் கேட்கும் மனு) போட்டிருக்க வேண்டும். அதற்கான காலம் 90 நாள். அந்த முதல் உத்தரவு நிற்கும் வரை இரண்டாவது உத்தரவை மட்டும் எதிர்ப்பதில் பயனில்லை. மூல மனுவே எண்ணிடப்பட்டு, விசாரணைக்குப் பின் தள்ளுபடி ஆகியிருந்தால் கட்டளை 43இன்படி மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்திருக்கும்.

நான் அதிகம் நம்புவது மற்றொரு வழியை: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(2)ஆவது பிரிவின்படி தீர்ப்பாணையின் மீதே மேல்முறையீடு. மாவட்ட நிலை நீதிமன்றத்தில் இதற்கு 30 நாள்தான் என்பதால் இங்கும் தாமத மன்னிப்பு கேட்க வேண்டும். நீக்கல் மனு தோற்றுப்போனதால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் 2005இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, காமாலையையோ சம்மனையோ அங்கே மறுபடி பேச முடியாது. வழக்கின் தகுதியை மட்டும் பேசலாம். புரோநோட்டின் தேதியிலிருந்தோ, கடைசியாக வரவு வைத்த தேதியிலிருந்தோ 3 ஆண்டுக்குள் வழக்குப் போடப்பட்டதா, வாதி தன் சாட்சியத்தில் பணம் கொடுத்ததைச் சொன்னாரா, நீதிபதி காரணம் எழுதித் தீர்ப்பளித்தாரா என்பனவெல்லாம் அங்கே எழுப்பத்தக்கவை. பிரதிவாதி வரவில்லை என்ற ஒன்றுக்காகவே வாதிக்குத் தீர்ப்புக் கொடுத்துவிட முடியாது. வாதி தன் வழக்கை நிரூபித்தாக வேண்டும். இந்த மேல்முறையீட்டுக்கு வழக்கின் மதிப்புக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால்தான் பலர் அதைத் தவிர்த்துவிட்டு, செலவு குறைந்த மனுவை மறுபடி மறுபடி போடுகிறார்கள். அப்படிப் போன மாதங்களைப் பிறகு எந்த நீதிமன்றமும் எளிதில் மன்னிப்பதில்லை என்பதை நினைக்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேல்முறையீடு தாக்கலான உடனே ஜப்தி நின்றுவிடாது. தனியாக இடைக்காலத் தடை கேட்க வேண்டும். பணவசூல் தீர்ப்பாணை என்பதால் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லக்கூடும். அந்தத் தொகைக்கு முன்னேற்பாடு செய்துகொண்டு போங்கள். குறித்த நாளில் கட்டாவிட்டால் தடை தானாகவே நீங்கிவிடும்படி உத்தரவிடுவது வழக்கம். தீர்ப்பாணை, இரண்டு தள்ளுபடி உத்தரவுகள், வாதியின் சாட்சியம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு நாளைக்கே மனுச் செய்யுங்கள். மேல்முறையீட்டு மனுவில் முந்தைய இரண்டு மனுக்களையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடன் வாங்கியது உண்மையா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உண்மைதான் என்றால், மேல்முறையீட்டுக்குச் செலவிடும் பணத்தை அசலை அடைக்கக் கொடுப்பதே வீட்டைக் காக்கும். எதிர்த்தரப்பு சம்மதித்தால் தவணையில் கட்ட நீதிமன்றமே உத்தரவிடலாம். வெளியில் பேசி முடித்துப் பணம் கொடுப்பதானால், கொடுத்த 30 நாளுக்குள் கட்டளை 21, விதி 2இன்படி அதை நிறைவேற்று நீதிமன்றத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். பதிவாகாத தொகையை, கையில் ரசீதே இருந்தாலும், அந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.